வீர் என்றால் வருவீர் அல்ல

போன வாரம் உங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு என்னை அழைத்து, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, "மொழிபெயர்ப்பில் எது மேடம் ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போது வாய் நிறையக் கேசரி. "எல்லாம்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. காலமெல்லாம் போர்ச்சுகீஸ் கடிதங்களோடு மல்லுக்கட்டியவள் சொல்கிற பதிலா அது? அதனால்தான் இப்போது எழுதி அனுப்புகிறேன். கஷ்டம் ஒரே ஒரு சொல். போர்ச்சுகீஸில் எழுதினால் மூன்றே எழுத்து. அதை நான் தப்பாகப் படித்து, ஒரு முழு நாள் ஊர் சிரித்த கதையைப் படித்துவிட்டு, அப்புறம் உங்கள் கம்ப்யூட்டரைத் தட்டுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூரில் தண்ணீர் பம்பு செய்கிற ஒரு சின்ன ஷெட்டில் கடிதம் எழுதும் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். முதலாளி, பத்துப் பன்னிரண்டு தொழிலாளிகள், ஒரு வாட்ச்மேன், நான். அவ்வளவுதான் கம்பெனி. ஆறு மாதம் பார்ப்போம், பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்பது பேச்சு. எனக்கு வீட்டுக்குப் போவதில்தான் சிக்கல். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அந்த வருஷக் கடைசியில் ஓய்வு. ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பட்டாபிராமில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தோம். என் வேலை நிரந்தரமானால்தான் அந்த வீடு. அம்மா அங்கே எந்தச் சுவரில் காலண்டர் மாட்டுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

போர்ச்சுகீஸ் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லை, அதுதான் விஷயம். முதலாளி வெளிநாடுகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்ப, பிரேசிலிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. அது போர்ச்சுகீஸில் இருந்தது. "யாருக்காவது படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கிவிட்டேன். இருபத்திரண்டு வயதில் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். அன்று சாயங்காலமே சென்ட்ரலுக்கு ரயிலேறி, மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய அகராதியும் ஓர் இலக்கணப் புத்தகமும் வாங்கினேன். இலக்கணத்தில் கடைசி நாற்பது பக்கம் இல்லை. கடைக்காரரைக் கேட்டதற்கு, "முக்கியமானதெல்லாம் முன்னாடியே வந்துடும்மா" என்றார். நம்பினேன்.

இப்போது கொஞ்சம் இலக்கணம். கொட்டாவி விடாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் "வந்தால்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். தினமும் வந்தாலும் அதே "ஆல்", நாளைக்கு வந்தாலும் அதே "ஆல்". போர்ச்சுகீஸ்காரனுக்கு அது போதாது. நடக்குமோ நடக்காதோ தெரியாத, இனிமேல் வரப்போகிற காரியத்துக்கென்று வினைச்சொல்லில் தனி உருவம் வைத்திருக்கிறான். நான் அதற்கு வைத்த பெயர் "நாளை ஆல்". அதில் ஒரு குறும்பு இருக்கிறது. முக்கால்வாசிச் சொற்களில் இந்த உருவம் அகராதியில் இருப்பதைப் போலவே இருக்கும். அதனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஒருவர் மாதக்கணக்கில் ஓட்டிவிடலாம். நான் ஓட்டினேன். சில சொற்கள் மட்டும் வேஷம் மாறும். "வா" என்பதற்கு அகராதியில் வீர். நாளை ஆலில் அது வியேர் ஆகிவிடும். "பார்" என்பதற்கு அகராதியில் வேர். நாளை ஆலில் அது வீர் ஆகிவிடும். அதாவது "வா" கழற்றிப் போட்ட சட்டையை "பார்" எடுத்து மாட்டிக்கொள்கிறது. இந்தச் சட்டை மாற்றமெல்லாம் அந்த நாற்பது பக்கத்தில் இருந்தது. அந்த நாற்பது பக்கம் யார் வீட்டு பஜ்ஜியைச் சுற்றியதோ தெரியாது.

எனக்கு வீர் என்றால் வருவதுதான். அதில் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் "வருவீர்" என்று தமிழிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இன்னொரு சொல், ஃபோர். எழுத்தில் அப்படியே ஆங்கில "ஃபார்" மாதிரி இருக்கும். "இருந்தால்" என்று அர்த்தம். "முடியுமாக இருந்தால் விலையைக் குறையுங்கள்" என்று அவர்கள் எழுதியதை, "முடிவதற்காக விலையைக் குறையுங்கள்" என்று படித்துச் சொன்னேன். முதலாளி குறைக்கவே இல்லை, அதனால் தப்பித்தேன்.

ஐந்தாவது மாதம் அந்தக் கடிதம் வந்தது. அவர்களுடைய எஞ்சினியர் குறிப்பிட்ட வாரத்தில் மெட்ராஸில் இருக்கிறார், எந்த நாள் வரலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் நம் வீர். "எங்கள் எஞ்சினியர் உங்கள் பம்பு எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடுவதைப் பார்த்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார், பார்க்காவிட்டால் போடமாட்டார்." இது சரியான அர்த்தம். நான் முதலாளிக்குப் படித்துச் சொன்னது இது: "எங்கள் எஞ்சினியர் வந்தால், உங்கள் பம்பு எட்டு மணி நேரம் நிற்காமல் ஓட, கையெழுத்துப் போடுவார், வராவிட்டால் போடமாட்டார்."

நடுவில் பம்பு எதற்கு அப்படித் தொங்குகிறது என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. முதலாளிக்கு உறுத்தவில்லை. "பாத்தியாம்மா! நம்ம பம்பு எட்டு மணி நேரம் ஓடும்னு பிரேசில் வரைக்கும் தெரிஞ்சிருக்கு!" என்று பூரித்துப் போனார். "அப்ப அவர் வந்தா போதும். வரவெக்கறதுதான் நம்ம வேலை. இந்த ஆர்டர் விழுந்தா நீ பர்மனென்ட். விழலைன்னா நானே பர்மனென்ட் இல்ல, போ."

அன்றிலிருந்து அந்த ஷெட்டில் பம்பு வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையும் நடந்தது. வாசலில் பந்தல். வாழை மரம். பிரியாணிக்கு ஆள். பூந்தமல்லியிலிருந்து நாதஸ்வரம், தவில். நாளும் அவரே குறித்தார். எங்கள் பக்கத்துக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளாகப் பார்த்துக் குறித்தார். "மெஷின் சத்தம் இருக்காது, மேளம் நல்லாக் கேக்கும்" என்று காரணமும் சொன்னார்.

ஃபிட்டர் முனுசாமி அண்ணன் மட்டும் அலைந்துகொண்டிருந்தார். அவர் காட்டுப்பாக்கத்துக்காரர். அவர் வீட்டில் அதுவரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள்; இரும்பைத் தொட்ட முதல் ஆள் இவர்தான். "சார், எக்ஸ்போர்ட்டு பம்புக்கு ஷாஃப்ட்டு இன்னும் வர்ல. உள்ள ஒண்ணியும் இல்ல சார், வெறும் ஓடுதான் கீது" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

"ஓட்டுக்குப் பச்சை பெயின்ட் அடி. முதல்ல அவர் வரட்டும்யா. வந்தா பாத்துக்கலாம்."

வந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, பெரிய மீசை. எட்டு மணிக்குக் கார் நின்றதும் மேளம் பிளந்துகட்டியது. கழுத்தில் இரண்டு மாலை. சந்தனம், பன்னீர், கையில் எலுமிச்சம்பழம். மனிதர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். மேளம் கொஞ்சம் ஓய்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கைகளை விரித்து, "பொம்பா? பொம்பா?" என்று கேட்டார்.

போர்ச்சுகீஸில் பம்புக்கு அதுதான் பெயர். அது எனக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியாது.

"பாம்பா? எங்க சார்?" என்று அவர் தடியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். தவில்காரர் நாற்காலிமேல் ஏறினார். முதலாளி மேசைமேல் ஏறினார். எல்லாரும் ஏறியதைப் பார்த்து, இதுவும் ஒரு மரியாதை போலும் என்று எஞ்சினியரும் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று கும்பிட்டார். அவரை இறக்கி, மற்றவர்களை இறக்கி, "பாம்பு இல்லை, பம்பு" என்று எல்லாருக்கும் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

பம்பைக் காட்டினோம். பச்சை பெயின்ட், குங்குமம், மேலே ஒரு மாலை. எஞ்சினியர் அதைச் சுற்றி வந்தார். தட்டினார். டங் என்றது. மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டு வாட்ச்மேனின் டிபன் டப்பாவை எடுத்தார்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, இரண்டு விரலைத் தன் கண்களுக்கு நேரே வைத்துக்கொண்டு, கடித வாக்கியத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வீர் என்று வரும்போதெல்லாம் அந்த இரண்டு விரல் கண்ணைத் தொட்டது. வீர், கண். வீர், கண்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருவது இல்லை! பார்ப்பது! ஐயோ, பார்ப்பது!

"என்னம்மா சொல்றாரு?" என்றார் முதலாளி.

இளையவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் எல்லாருக்கும் இந்த நிமிஷம் ஒரு நாள் வரும். அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது. நான் என்ன சொன்னாலும் இரண்டு பேருக்கும் அதுதான் வேதம். "பேச்சை மாத்திட்டார் சார், இப்ப ஓடிக் காட்டணுமாம்" என்று முதலாளியிடம் சொல்லலாம். "பம்பு துறைமுகத்துக்குப் போய்விட்டது" என்று எஞ்சினியரிடம் சொல்லலாம். ஆர்டர் போகும். ஆனால் குற்றம் என்மேல் வராது. வேலை தங்கினாலும் தங்கும். நான் பெரிய யோக்கியசிகாமணி என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்து, "பம்பு ரொம்ப அழகா இருக்காம் சார்" என்று ஆரம்பித்தே விட்டேன். ஆனால் எஞ்சினியர் கையில் டிபன் டப்பாவோடு நின்றார். அந்த முகத்துக்கு முன்னால் அந்தப் பொய் எனக்கே தாங்கவில்லை.

"சார், அவர் அதைச் சொல்லலை. நான் கடிதத்தைத் தப்பாப் படிச்சுட்டேன். அவர் வந்தா கையெழுத்து இல்ல சார். பம்பு எட்டு மணி நேரம் ஓடறதைப் பாத்தாத்தான் கையெழுத்து. தப்பு என்னோடது." எஞ்சினியரிடமும் எனக்குத் தெரிந்த போர்ச்சுகீஸில் அதையே சொன்னேன்.

முதலாளி பந்தலைப் பார்த்தார். வாழை மரத்தைப் பார்த்தார். பிரியாணி அண்டாவைப் பார்த்தார். "அப்ப இதெல்லாம்?" என்றார். பிறகு கத்தினார். "கரண்டு இல்லாத நாளாப் பாத்து வெச்சேனேம்மா! நல்ல நேரம் பாக்கற மாதிரிப் பாத்து வெச்சேனே! கெளம்பு நீ. இன்னியோட முடிஞ்சுது. கெளம்பு!"

அழுதேன். நன்றாகவே அழுதேன். பட்டாபிராம் வீடு, அம்மாவின் காலண்டர் எல்லாம் கண்ணில் வந்து போயின. பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன்.

"சார்" என்று ஒரு குரல். முனுசாமி அண்ணன். "நா ஒண்ணு சொல்றேன், அடிக்கக் கூடாது."

"என்ன?"

"இதே மாடலுல மொத பீஸு ஒண்ணு செஞ்சோமே, ரெண்டு வருசம் முன்னாடி. வேலைக்காவல, காயலாங்கடைக்குப் போட்டாச்சுன்னு சொன்னேனே..."

"ஆமா."

"போடல சார். காட்டுப்பாக்கத்துல எம் மச்சான் ஏழுமலையோட கீரைக் கொல்லைல கீது. ஆயில் எஞ்சின்ல மாட்டி வெச்சிகீறான். அன்னிலேர்ந்து ஓடிக்கினு கீது. கரண்டும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்."

முதலாளிக்கு அடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியவில்லை. கை பாதி தூரம் மேலே போய் அங்கேயே நின்றது. "எல்லாரும் ஏறுங்கடா வண்டில" என்றார் கடைசியில். "நீயும்தாம்மா. நீ இல்லாம அந்த ஆளு என்ன சொல்றான்னு எவனுக்குப் புரியும்? ஆறு மணி வரைக்கும் இரு, அப்புறம் கெளம்பு."

திருவேற்காடு வழியாகப் போனோம். முன்னால் எஞ்சினியர் கார். பின்னால் டெம்போவில் தொழிலாளிகள், பிரியாணி அண்டா, முழு நாளுக்கும் கூலி பேசிவிட்டதால் இறங்க மாட்டோம் என்ற மேளக்காரர்கள். டெம்போவில் முனுசாமி அண்ணனிடம், "எதுக்குண்ணே நீங்களா மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீ ஒத்துக்கினியே மிஸ்ஸு. அதுக்கப்புறம் நா மட்டும் கம்முனு நின்னா நல்லாவா கீது?" என்றார்.

ஏழுமலை கீரை அறுத்துக்கொண்டிருந்தார். தவிலோடும் வெள்ளைக்காரரோடும் ஒரு கூட்டம் வரப்பில் இறங்கி வருவதைப் பார்த்து, "இன்னா மாமே, யாருக்குக் கண்ணாலம்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் எஞ்சினைச் சுற்றிவிட்டார். பம்பு குபுகுபுவென்று தண்ணீரைக் கக்கியது. மணி பத்து. எஞ்சினியர் வரப்பில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மாலையை ஏழுமலையின் ஆடு தின்றது.

ஒரு மணிக்குப் பிரியாணி. இரண்டு மணிக்கு வேறொரு பூகம்பம். ஏழுமலை கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "அண்ணாத்தே, கெணத்துல முட்டி அளவுதான் தண்ணி. நாலு மணிக்குள்ள வத்திப்பூடும். டெய்லி மூணு மணி நேரம் ஓட்றது, இன்னிக்கு இப்டி ஓட்னா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முனுசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் மண்வெட்டியைப் பார்த்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் கம்பெனி மொத்தமும், மேளக்காரர்கள் உட்பட, வாய்க்காலை வெட்டித் திருப்பிக் கிணற்றுக்கே விட்டுவிட்டது. மேலே வந்த தண்ணீர் ஒரு சுற்று சுற்றி மறுபடி கிணற்றுக்குள் விழுந்தது. அதையே பம்பு மறுபடி இழுத்தது. முதலாளி என் காதில், "இது ஏமாத்தற மாதிரி இருக்குமோ? அவர்கிட்ட சொல்லிடும்மா" என்றார். காலையில் என்னை விரட்டிய அதே மனிதர். நான் எழுந்து போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எஞ்சினியர், கடிதத்தில் பம்பு ஓட வேண்டும் என்றுதான் இருக்கிறதே தவிர, புதுத் தண்ணீர் வேண்டும் என்று எங்கும் இல்லை என்றார். சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்புறம் என் இலக்கணப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் தேடினார். இல்லை என்றதும் மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனிதருக்கு. பென்சிலை எடுத்து அட்டையின் உள்பக்கத்திலேயே வேஷம் மாறுகிற சொற்களை வரிசையாக எழுதிக் கொடுத்தார். வியேர், வீர், ஃபோர், இன்னும் ஏழெட்டு. நான் அங்கேயே உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். வந்தால் வியேர், வந்தவர் முன்னால் காலையிலிருந்து எனக்கு வியர்த்ததே, அந்த வியர். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

மணி ஆறு. பம்பு ஒரு தரம்கூட இருமவில்லை. எஞ்சினியர் எழுந்து எல்லார் கையையும் குலுக்கினார், ஆட்டின் தலையையும் தடவிக் கொடுத்தார். ஒப்பந்தக் காகிதத்தைக் கட்டில்மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடியில் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்.

"என்ன எழுதறாரு? விலையைக் குறைக்கறாரா?" என்றார் முதலாளி.

நான் படித்தேன். நடுவில் ஃபோர் இருந்தது. அட்டையைப் புரட்டி ஒரு தரம் சரிபார்த்தேன். மறுபடி படித்தேன்.

"சொல்லேம்மா!"

"இனிமேலும் கடிதம் மொழிபெயர்க்கறது இதே பெண்ணாக இருந்தால், இந்த ஒப்பந்தம் செல்லும்... அப்படின்னு எழுதியிருக்கார் சார்."

முதலாளி காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்துகூடப் புரியவில்லை அவருக்கு. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, அவரு எழுதினதா இது? நீயா சொல்லிக்கறதா?"

அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே தமிழ் ஆள் நான். என் வேலையைப் பற்றிய வரி அது. காலையில் தப்பாகப் படித்தவளும் நான். சத்தியம் செய்தாலும் செல்லாது. தலையைக் குனிந்துகொண்டேன்.

முனுசாமி அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார் நீ? அது பொய் சொல்ற பொண்ணா இருந்தா காலைல ஒம்போது மணிக்கே சொல்லிருக்குமே."

ஆடு மென்றுகொண்டே இருந்தது. முதலாளி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் கையிலிருந்த இலக்கணப் புத்தகத்தை முறைத்துப் பார்த்தார்.

"சரி, இரு. பர்மனென்ட்டுதான். ஆனா நாளைக்கு முதல் வேலையா மூர் மார்க்கெட்டுக்குப் போய் அந்த மிச்ச நாப்பது பக்கத்தைக் கொண்டா."